மாமன் மாலை இறங்கிய இடம்

மதுரையில் யாரிடமாவது வழி கேட்டால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறிவிடும். நானும் இதே ஊரில் பிறந்து வளர்ந்தவன்தான், இருந்தும் பழகவில்லை. "இந்தா இருக்குண்ணே, கூப்பிடு தூரம்" என்பார்கள். யார் கூப்பிடும் தூரம் என்று சொல்ல மாட்டார்கள். "சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க" என்று சொல்லிக்கொண்டே இடது கையை நீட்டுவார்கள். நான் வண்டியை நிறுத்தி, சோற்றாங்கை என்றால் வலது கை, நீங்கள் நீட்டுவது பீச்சாங்கை என்று விளக்கிச் சண்டை போட்டிருக்கிறேன். பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். "வழி காட்டுன மனுசன்கிட்டப் போயி பாடம் எடுக்குறீகளே" என்பாள். எனக்கு எதுவும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். அது ஒரு வியாதி என்பது அவளுடைய முடிவு.

அந்த வியாதிக்கு வாய்த்த விளையாட்டுச் சாமான்தான் ட்ரோன். தனியார் அலுவலகம் ஒன்றில் கணக்குப் பார்க்கும் எனக்கு, கே.கே. நகரில் மாடி வீடு. வீட்டுக்கு மேலே மொட்டை மாடி. முதலில் கடையில் ஒன்று வாங்கினேன். அது வேப்பமரத்தில் மாட்டிக்கொண்டு உயிரை விட்டதும், பாகங்களாக வாங்கி நானே ஒன்றைக் கட்டினேன். பறக்க வைப்பது இந்தக் காலத்தில் பெரிய காரியமே இல்லை. பறப்பதை ஒரு இடத்தில் நிற்க வைப்பதுதான் பாடு.

ட்ரோனுக்கு அது இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள்கள் சொல்கின்றன. ஆனால் என்னைப் போன்றவர்கள் வாங்கும் சாதாரண ரிசீவருக்கு அந்தச் சேதி கொஞ்சம் கலங்கித்தான் வந்து சேரும். நிற்கச் சொன்ன இடத்திலிருந்து ஒரு ஆட்டோ நீளம் தள்ளி நிற்கும். கேட்டால், சரியான இடத்தில்தான் நிற்கிறேன் என்று பச்சை விளக்கைக் காட்டும். மதுரையில் கட்டிய ட்ரோன் வேறு எப்படி இருக்கும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொள்வேன்.

இடம் மட்டும் தெரிந்தால் போதாது. மூக்கு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்றும் அதற்குத் தெரிய வேண்டும். உறியடியில் கண்ணைக் கட்டிச் சுற்றிவிட்ட ஆளுக்குப் பானை எங்கே தொங்குகிறது என்று நன்றாகத் தெரியும், தான் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறோம் என்பதுதான் தெரியாது. அதனால்தான் கம்பு பக்கத்தில் நிற்பவன் மண்டையில் விழுகிறது. ட்ரோனுக்குத் திசை சொல்ல உள்ளே சின்னதாக ஒரு திசைகாட்டி இருக்கிறது. பூமியின் காந்தத்தை வைத்து அது வடக்கைக் கண்டுபிடிக்கும். அருகில் இரும்பு இருந்தால் பேதலித்துவிடும். நான் அதற்குப் பாடம் கற்றுக்கொடுக்கத் தேர்ந்தெடுத்த இடமோ, அடியில் முழுக்கக் கம்பி கட்டிய மொட்டை மாடி.

பாடம் கற்றுக்கொடுப்பது என்றால், ட்ரோனைக் கையில் பிடித்து முகம் முன்னே, முகம் பின்னே, மல்லாக்க, கவிழ்த்து என்று ஒவ்வொரு பக்கமாக வைத்து நாமும் சேர்ந்து சுற்ற வேண்டும். துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டம்மா ஒரு நாள் என்னைப் பார்த்துவிட்டு, கீழே போய் என் மனைவியிடம், "சாரு மேல என்னமோ பூசை பண்றாரு போல" என்று பயபக்தியோடு சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து நான் மாடியிலிருந்து இறங்கும்போதெல்லாம், "சுத்திப் போட்டு முடிஞ்சுச்சா?" என்றுதான் மனைவி கேட்பாள். சுற்றிப் போட்டும் பயனில்லை. இரும்புக் கம்பிக்கு மேல் கற்ற பாடம் வெளியே எடுபடவில்லை.

இப்படி யாருக்கும் தொல்லையில்லாமல் போய்க்கொண்டிருந்த விளையாட்டில் என் அக்கா குறுக்கே வந்தாள்.

அக்காவைச் சோழவந்தானில் கொடுத்திருக்கிறது. மச்சானுக்கு வெற்றிலைக் கொடிக்கால். அக்கா மகளுக்குக் குலசாமி கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும். நான் தாய்மாமன். எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் அது பிள்ளைக்கு நடக்கும் விசேஷமே இல்லை, தாய்மாமனுக்கு நடக்கும் பரீட்சை. மாமன் எப்படி வருகிறான், சீர் எப்படிக் கொண்டுவருகிறான், பிள்ளைக்குப் போடும் மாலை எப்படி இருக்கிறது என்று ஊரே நின்று பார்க்கும். போன வருடம் அக்காவின் கொழுந்தன் பிள்ளைக்குக் காது குத்தினார்கள். அந்தப் பிள்ளையின் தாய்மாமன் குதிரை வண்டியில், கொம்பு ஊதிக்கொண்டு, கிடாக்களுக்கு மாலை போட்டு ஊர்வலமாக வந்து இறங்கினான். அதைப் பற்றி வீட்டில் பேச்சு ஓயவே இல்லை. பேச்சை ஓயவிடாமல் பார்த்துக்கொண்டது அக்காவின் நாத்தனார்.

அவரை நானும் மதினி என்றுதான் கூப்பிடுவேன். மச்சானுக்கு மூத்தவர். கணவர் இறந்த பிறகு தம்பி வீட்டுக்கே வந்துவிட்டார். கொடிக்கால் அவர் கையில், வீடு அவர் கையில், மச்சான்கூட அவர் கையில். ஒரு விசேஷம் என்றால் அரிசி புடைப்பதிலிருந்து பந்தி முடிந்து அண்டா கழுவுவது வரை அவர் இல்லாமல் நடக்காது. ஆனால் மேளம் உச்சத்துக்குப் போய், தாலியோ மாலையோ கைமாறும் நேரத்தில் மட்டும் எங்கோ பின்னால் போய் நின்றுகொள்வார். போங்கள் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. யாரும் கூப்பிட்டதும் இல்லை. நானும் பல விசேஷங்களில் பார்த்திருக்கிறேன், நின்று யோசித்ததில்லை.

வாய் மட்டும் எப்போதும் முன்னால் நிற்கும். அவர் வாய்க்குப் பயந்துதான் கொடிக்காலில் வெற்றிலை ஒழுங்காகத் துளிர்க்கிறது என்று மச்சான் சொல்வார், அதுவும் மதினி இல்லாத நேரம் பார்த்து. அந்த வாய்தான் ஒரு மத்தியானம் அக்காவிடம், "ஒந்தம்பி என்னத்த வரப்போறான். பஸ்ஸுல பையத் தூக்கிட்டு வருவான். மாலை பைக்குள்ள கசங்கிப்போயி வரும்" என்று சொல்லியிருக்கிறது. அக்காவுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

சாயங்காலம் எனக்குப் போன் வந்தது.

"டேய், மாமன் மாலைய நீ வானத்துலருந்து எறக்குறேனு சொல்லிட்டேன்."

"எங்கருந்து?"

"வானத்துலருந்துடா. அதான் வச்சிருக்கியே எலிகாப்டரு."

"அக்கா, அது ஒரு எடத்துல ஒழுங்கா நிக்கவே மாட்டேங்குது."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அம்புட்டுப் பேரு முன்னாடியும் சொல்லிட்டேன். மதினி சிரிச்சாக. அந்தச் சிரிப்ப நீ பாக்கல, நான் பாத்தேன்" என்றாள். பிறகு குரல் இறங்கி, "அந்த வீட்ல இதுவரைக்கும் எம்பேச்சுனு ஒண்ணு நின்னதில்லடா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கோபமாக வந்தது. தூக்கிப் பறப்பது நான் கட்டிய சாமான், வாக்குக் கொடுத்தது அவள். ஆனால் அந்தக் கடைசி வரி எனக்குப் பொறுக்கவில்லை. சின்ன வயதில் எனக்காக எத்தனையோ பேரிடம் வாய்ச் சண்டைக்கு நின்றவள் அவள். மாலை இறங்காவிட்டால் அக்கா அந்த வீட்டில் ஆயுசுக்கும் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ட்ரோனைத் தூக்கிக்கொண்டு மேலூருக்கு வண்டியை விட்டேன்.

மேலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான் என் நண்பன். எனக்கு அவன் மாப்ள, அவனுக்கு நான் மாப்ள. யார் யாருக்குப் பெண் கொடுத்தோம் என்று கேட்கக் கூடாது. அவனும் பறக்கவிடும் பைத்தியம்தான், ஆனால் துல்லியப் பைத்தியம் கிடையாது. "மேல போச்சா, கீழ வந்துச்சா, அம்புட்டுதான மாப்ள" என்பான். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துச் சிரித்துக் கையிலிருந்த பற்றவைக்கும் கம்பியால் சுட்டுக்கொண்டான்.

மதுரையை ஒட்டி விமான நிலையம் இருப்பதால் ஊருக்குள் உயரே பறக்கவிட்டால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். அதனால் மேலூர்ப் பக்கம் காய்ந்து கிடந்த கண்மாய்தான் எங்கள் மைதானம். ஆட்கள் தலைக்குப் பக்கத்தில் இறக்கை சுற்றக் கூடாது என்பதில் இருவரும் உறுதியாக இருந்தோம். ட்ரோன் பனை உயரத்தில் நிற்கும். வயிற்றில் கட்டிய குட்டி மோட்டார் நைலான் கயிற்றை விட, மாலை மட்டும் கீழே இறங்கும். தரையில் உட்கார்ந்திருக்கும் ஆள் கையைத் தூக்கினால் எட்டும் உயரத்துக்கு வந்ததும் கொக்கி திறந்துகொள்ளும். காற்றில் மாலை முறுக்கிக்கொண்டதால், மூங்கிலை மெல்லிசாகச் சீவி வளையமாக்கி அதன்மேல் மாலையைக் கட்டினோம். பிள்ளைக்குப் பதிலாகக் குடிதண்ணீர்க் கேன் ஒன்றை நட்டுவைத்து அதற்கு மாலை போட்டுப் பழகினோம். முதல் வாரம் கேனைத் தவிர எல்லாவற்றுக்கும் மாலை விழுந்தது. கருவேலஞ்செடிக்கு விழுந்தது, மாப்ளயின் வண்டிக்கு விழுந்தது, வேடிக்கை பார்க்க வந்த ஆட்டுக்கும் விழுந்து, அது அதைத் தின்றும் விட்டது.

இடத்தைச் சரிசெய்ய ஒரு வழி இருந்தது. தரையில் அசையாமல் இன்னொரு ரிசீவரை வைக்க வேண்டும். தான் நிற்கும் இடம் அதற்கு முன்கூட்டியே தெரியும். செயற்கைக்கோள் சொல்வது அதிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்த்து, பறப்பதற்கு உடனுக்குடன் சொல்லிக்கொண்டே இருக்கும். வீட்டுக் கடிகாரம் வேகமாக ஓடுகிறது என்று தெரிந்தால் கழித்துக்கொண்டு மணி பார்ப்போமே, அதே கதைதான். கல் குவாரிகளில் அளவெடுக்கும் ஒருவரிடமிருந்து அப்படிப்பட்ட நல்ல ரிசீவர்களை மாப்ள இரவல் வாங்கிவந்தான். ஒன்றைத் தரையில் வைத்தோம், ஒன்றை ட்ரோனில் கட்டினோம். திசைகாட்டியையும் ட்ரோனுக்குள் ஓடும் மின்கம்பிகளை விட்டுத் தள்ளி, ஒரு குச்சியின் உச்சியில் ஏற்றினேன். அதற்கான பாடத்தை வெட்டவெளியில் வைத்து மறுபடி சொல்லிக்கொடுத்தேன். அன்று கேனுக்கு மாலை விழுந்தது. எடுத்து மறுபடி போட்டோம், மறுபடியும் விழுந்தது. நான் அந்தக் கேனைக் கட்டிக்கொண்டேன். வெட்கமாக இல்லை.

அந்த மிதப்பில்தான் கோயிலில் ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம்.

மச்சான் வீட்டுக் குலசாமி கருப்பசாமி. சோழவந்தானைத் தாண்டி, வயலுக்கு நடுவே கோயில். பூசாரியிடம் அனுமதி கேட்டு, சன்னதிக்கு நேர் எதிரே, சடங்கு நடக்கும் திடலில் ட்ரோனை வைத்துக் கிளப்பினேன். மேலே போனது, நின்றது. நான் மாப்ளயைப் பெருமையாகப் பார்த்தேன். அதற்குள் அது மெல்ல நகர ஆரம்பித்தது. நகர்ந்தது வட்டமானது. வட்டம் பெரிதாகிச் சன்னதியைச் சுற்றி வர ஆரம்பித்தது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. நான் ரிமோட்டின் குச்சிகளைப் பிடித்து இழுக்கிறேன், அது பாட்டுக்கு வலம் வருகிறது.

பூசாரி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பிவிட்டார். "அப்பே, கருப்பா! வாயில்லாத சாமானையும் சுத்த வச்சுட்டியே!" என்று உரக்கச் சொன்னார். வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். ஒரு அம்மா குலவை போட்டுவிட்டார். மாப்ளயும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். ஒரு வழியாக அதை வயலுக்குள் இறக்கினேன். பூசாரி சேற்றுக்குள் இறங்கி, அதன் நான்கு கைகளுக்கும் விபூதி பூசிவிட்டு வந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தபோதுதான் காரணம் கண்ணில் பட்டது. கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டு தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் கொண்டுவந்து நட்ட அரிவாள்கள். முழங்கை நீளத்தில், இடுப்பு உயரத்தில், ஆளைவிட உயரத்தில். அரிவாள், வேல், சூலம், சங்கிலியில் கோத்த மணிகள். அம்புட்டும் இரும்பு. சின்ன வயதிலிருந்து குலசாமி கோயில்களுக்குப் போய்வருகிறவன், திசைகாட்டியைக் கொண்டுபோய் அரிவாள் காட்டுக்குள் வைத்திருக்கிறேன். அரிவாள் எங்கள் கண்ணுக்கு இரும்பாகத் தெரிந்தால்தானே, சாமியாக அல்லவா தெரிகிறது. திசைகாட்டி வடக்கைத் தப்பாகச் சொல்ல, ட்ரோன் சரியான பக்கம் தள்ளுவதாக நினைத்துத் தப்பான பக்கம் தள்ள, அதைச் சரிசெய்ய மறுபடி தள்ள, அப்படியே வட்டமாகிவிட்டது.

"இரும்புதான்யா காரணம்" என்று பூசாரியிடம் சொன்னேன்.

"அதத்தான தம்பி நானும் சொல்றேன். அது யாரு இரும்பு?" என்றார். நான் வயலுக்குள் இறங்கி ட்ரோனைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

திசைகாட்டியை நம்பிப் பயனில்லை என்று ஆகிவிட்டது. கடைசியில் அதை அணைத்துவிட்டோம். ட்ரோனின் முன்பக்கம் ஒரு ரிசீவர், பின்பக்கம் ஒரு ரிசீவர் என்று இரண்டாகப் பொருத்தினேன். முன்னது எங்கே, பின்னது எங்கே என்று தெரிந்தால் மூக்கு எந்தப் பக்கம் என்பது கணக்கிலேயே வந்துவிடும். இதற்குக் காந்தமே வேண்டாம், கருப்பசாமி எத்தனை அரிவாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஆன்டெனாவும் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "பிள்ளைக்குக் குத்துறதுக்கு முன்னாடி இதுக்குக் காது வந்துருச்சே" என்றான் மாப்ள. மறுபடி கோயிலுக்குப் போய்ப் பறக்கவிட்டோம். ஆணி அடித்த மாதிரி நின்றது. பூசாரிக்குத்தான் ஏமாற்றம். "இன்னைக்கு ஏன் சுத்த மாட்டேங்குது?" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

விசேஷத்துக்கு முந்திய வாரம் அக்கா போன் செய்தாள். எந்த வேட்டி கட்டுகிறேன் என்று கேட்டுவிட்டு, "பிள்ள துள்ளும்டா, ரெண்டு கையாலயும் நல்லா இறுக்கிப் பிடிக்கணும்" என்றாள்.

"யாரு பிடிக்கணும்?"

"நீதான். மாமன் மடியில வச்சுத்தான காது குத்துவாக?"

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாளும் ட்ரோன் எங்கே நிற்க வேண்டும் என்று சாண் கணக்கில் பார்த்தவன், நான் எங்கே உட்கார வேண்டும் என்று நினைத்தே பார்க்கவில்லை. என் கற்பனையில் நான் ரிமோட்டோடு கம்பீரமாக நின்றுகொண்டிருந்தேன். மடியில் யாரையும் உட்காரவைக்கவில்லை. தாய்மாமனுக்கு மடி என்று ஒன்று இருப்பதை மறந்த ஒரே தாய்மாமன் இந்தச் சீமையிலேயே நானாகத்தான் இருப்பேன்.

வேறு வழியில்லை, எல்லாம் தானாகவே நடக்க வேண்டும் என்று முடிவானது. நான் உட்காரும் பலகையின் இடத்தைக் காலையிலேயே அளந்து ட்ரோனுக்குச் சொல்லிவிடுவது. காது குத்தி முடிந்ததும் வேட்டுப் போடுவார்கள். வேட்டுச் சத்தம் கேட்டதும், திடலுக்கு வெளியே வரப்பில் நிற்கும் மாப்ள ஒரு பொத்தானை அழுத்துவான். அது தானாக வந்து, மாலையை இறக்கிவிட்டுத் தானாகப் போய்விடும். "நான் ஒரு பொத்தான்தான அமுக்கணும்? நீ பிள்ளையப் பிடி, நான் பாத்துக்கிறேன்" என்றான். அவன் இவ்வளவு நிதானமாக இருந்ததே எனக்குப் பயமாக இருந்தது.

விசேஷத்தன்று பலகையைப் போட்டு, அதன் நடுவில் ஆன்டெனாவை வைத்து, இடத்தை நானே பதிந்தேன். கூட்டம் சேர்ந்தது. குதிரை வண்டி மாமனும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். அக்கா பட்டுச்சேலையில் அங்கும் இங்கும் போய்க்கொண்டிருந்தாள், பத்துத் தடவையாவது வானத்தைப் பார்த்திருப்பாள். மதினி வழக்கம்போல வெளுத்த நூல் சேலையில், அடுப்படிக்கும் திடலுக்கும் நடந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "என்ன கொழுந்தனாரே, மாலை வானத்துலருந்து கெளம்பிருச்சா, இல்ல மழைக்கு ஒதுங்கி நிக்கிதா?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய பிள்ளையை என் மடியில் வைத்தார்கள். ஆசாரி வந்து காது மடலில் குங்குமத்தால் புள்ளி வைத்தார். ஊசியை எடுத்தவர், கண்ணைச் சுருக்கினார்.

"வெயிலு மூஞ்சில அடிக்குதுங்க. புள்ளி தெரிய மாட்டேங்குது. தள்ளி நெழலுக்கு வாங்க."

அவருக்கும் வேண்டியது துல்லியம்தான் என்று எனக்குப் பட்டது. ஆசாரி மேல் மரியாதையே வந்தது. யாரோ பலகையைத் தூக்கினார்கள், நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன், எல்லோருமாக வேப்பமர நிழலுக்குப் போய்க் கிழக்குப் பார்த்து உட்கார்ந்தோம். மேளம் ஏறியது. ஊசி இறங்கியது. பிள்ளை வீறிட்டது. நான் அதை மார்போடு இறுக்கிக்கொண்டு என்னென்னவோ உளறினேன். அடுத்த காதும் முடிந்தது. வேட்டு வெடித்தது.

வேட்டுச் சத்தத்தோடு எனக்குப் புத்தி வந்தது. இடம் மாறியதை ட்ரோனுக்கு யாரும் சொல்லவில்லை.

"மாப்ள! வேணாம்! மாப்ள!" என்று கத்தினேன். மேளக்காரர்கள் என் குரலை அமுக்கிவிட்டார்கள். வரப்பில் நின்ற மாப்ள என் கையசைப்பைப் பார்த்துவிட்டு, உற்சாகமாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். எழுந்து ஓடலாம் என்றால் மடியில் பிள்ளை, அதன் காதில் ஆசாரியின் விரல். அதற்குள் மேலே ரீங்காரம் கேட்டது.

ட்ரோன் வந்தது. எனக்கு அப்போதும், அந்த நிலைமையிலும், அது நின்ற அழகு கண்ணில் பட்டது. துளி ஆட்டமில்லை. அரிவாள்களுக்கு மேலே அசையாமல் நின்று கயிற்றை விட்டது. மல்லிகை மாலை வெயிலில் வெள்ளையாக இறங்கியது. கூட்டம் ஆவென்று அண்ணாந்து பார்த்தது. பலகை இருந்த இடத்தில் இப்போது பலகை இல்லை. நாங்கள் இந்தப் பக்கம் வந்துவிட்டதால் முன்னால் இருந்த அந்த இடம் பின்னால் ஆகிவிட்டிருந்தது. பின்னால் நிற்பது யாரோ அவர்தான் அங்கே நின்றார். ஒரு கையில் பிள்ளையின் பால் பாட்டில், மறு கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்தபடி, மதினி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உட்கார்ந்த ஆள் கையைத் தூக்கும் உயரமும், நின்றுகொண்டிருந்த மதினியின் தோள் உயரமும் ஒன்றுதான் என்று அன்று தெரிந்துகொண்டேன். வளையம் தலை வழியாக இறங்கித் தோளில் உட்கார்ந்தது. கொக்கி திறந்தது. கயிறு மேலே போய்விட்டது.

மேளம் நின்றுவிட்டது. யாரோ ஒரு பெரியவர் "அடடா" என்றார். மதினியின் கை மாலையைக் கழற்றப் போய், அதைத் தொடவும் பயந்து பாதியில் நின்றது. அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. வாய் திறந்தால் ஊரையே அடக்குகிறவர், தப்புச் செய்த பிள்ளைபோல எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அக்காவின் பேச்சும் போயிற்று, இந்த மனுசியையும் சபையில் நிறுத்திவிட்டேன்.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்து போனாள். அவள் மதினி முன்னால் நின்றபோது, இன்று என்ன நடக்கப்போகிறதோ என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"என்ன எல்லாரும் இப்புடிப் பாக்குறீக?" என்று அக்காவின் குரல் கேட்டது. "எந்தம்பிகிட்ட நான் சொன்ன எடத்துலதான் எறக்கிருக்கான். பிள்ளையத் தூக்கி வளத்தது யாரு? வாங்க மதினி, மாமன் மாலைய நீங்களே போடுங்க."

"ஏய், நான் எப்புடிடி... விடுடி" என்றார் மதினி.

அக்கா விடவில்லை. மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தாள். முன்வரிசை வழிவிட்டது. மதினி என் எதிரே வந்து நின்று, மாலையைத் தலை வழியாகக் கழற்றி, மூங்கில் வளையத்தை உருவி எறிந்துவிட்டுப் பிள்ளையின் கழுத்தில் போட்டார். பிள்ளை அழுகையை நிறுத்தி மல்லிகையைப் பிய்க்க ஆரம்பித்தது. மேளக்காரர்களைப் பார்த்து அக்கா ஒரு அதட்டல் போட்டாள், மேளம் மறுபடி கிளம்பியது. வரப்பிலிருந்து மாப்ள ஓடிவந்து, "எப்புடி? ஒரு சாண் பிசகலல்ல?" என்றான். அவனை அடிக்க எனக்குக் கை ஒழியவில்லை.

பந்தி ஆரம்பித்த பிறகு மதினி தண்ணீர் ஊற்றிக்கொண்டே என் இலைக்கு வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"கொழுந்தனாரே, நெசமா அது எனக்குனுதான் அனுப்புனீகளா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "ஆமா மதினி" என்றேன்.

அவர் என் டம்ளரை வழிய வழிய நிரப்பினார்.

"முன்னாடியே சொல்லிருக்கலாம்ல" என்றார். "நல்ல சேலையாக் கட்டிருப்பேன்."